பார்க் ஸ்டேஷன்ல இறங்குறவங்களுக்கு
ஊர்ல இருந்து சென்னைக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது இதான், தாம்பரத்துல ஏறினா சென்ட்ரலுக்கு எங்க இறங்கணும்னு. பீச் போற லோக்கல்ல எக்மோருக்கு அடுத்தது பார்க், அங்க இறங்கி வெளிய வந்து சப்வே வழியா ரோட்டைத் தாண்டினா எதிர்ல சென்ட்ரல். ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் லோக்கல்ல போறவங்க சென்ட்ரல் பக்கத்துலயே இருக்குற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸுக்குப் போகணும். வேளச்சேரின்னா பார்க் டவுன், அது தனி ஸ்டேஷன், பேரைப் பார்த்து குழம்பிடாதீங்க.

எனக்கு இந்த பீச்-தாம்பரம் லைன் மேல தனிப் பாசம். 1931லயே மீட்டர் கேஜ்ங்கிற குறுகலான தண்டவாளத்துல கரண்ட் ரயில் ஓடின தடம் இது, இப்போ 2025 ஏப்ரல்ல இருந்து ஏசி லோக்கலும் செங்கல்பட்டு வரைக்கும் போகுது.

ஆனா எனக்குப் பிடிச்சது காலையில தாம்பரம் போற வண்டிதான். பாரிமுனைல பூ வாங்கிட்டு வர்ற அக்காங்க வாசல் ஓரமா கூடையை வெச்சு ஈரத்துணி போட்டு மூடியிருப்பாங்க, துணில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், உட்கார்ந்த இடத்துலயே ரெண்டு கையும் நிக்காம கட்டிக்கிட்டே வரும். நேத்து மாம்பலத்துல ஒரு அக்கா இறங்குறப்போ வண்டி நிக்கிறதே கொஞ்ச நேரம், உள்ள இருந்து ரெண்டு காலேஜ் பசங்க கூடையைத் தூக்கிக் குடுத்தாங்க, பிளாட்பாரத்துல நின்ன ஒருத்தர் வாங்கி அவங்க தலைல வெச்சு விட்டார். யாரும் யாரையும் கூப்பிடவே இல்ல.