ஐசோலேட்டர் பொருத்திய பிறகும் மீதமிருக்கும் வேலை

ஹைட்ரஜனும் காற்றும் கலந்த இடத்தில் தீ மூள ஏறத்தாழ 20 மைக்ரோஜூல் ஆற்றல் போதும். அங்கே நிற்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரின் (அளவீட்டை மின்சைகையாக அனுப்பும் களக் கருவி) கம்பி அறுந்தாலும், இரு கம்பிகள் உரசிக்கொண்டாலும், எழும் பொறி அந்த அளவை எட்டாதபடி சுற்றின் ஆற்றலையே கட்டுக்குள் வைத்திருப்பதுதான் இன்ட்ரின்சிக் சேஃப்டி முறை.

களக் கருவிக்குச் செல்லும் ஆற்றலை இப்படிக் கட்டுப்படுத்தும் சாதனங்கள் இரண்டு: ஜீனர் பேரியர், கால்வனிக் ஐசோலேட்டர். ஜீனர் பேரியர், பழுது நேரும்போது மிகை மின்னோட்டத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது; ஆகவே அந்த எர்த் பாதையின் மின்தடை 1 ஓமுக்குக் குறைவாகவே, ஆலை இயங்கும் காலம் முழுவதும், இருந்தாக வேண்டும். கால்வனிக் ஐசோலேட்டரில் மின்மாற்றியோ ஆப்டோகப்ளரோ (ஒளி வழியே சைகையைக் கடத்தும் உறுப்பு) இரு பக்கங்களையும் பிரித்துவிடுவதால் பாதுகாப்புக்கென்று தனி எர்த் தேவைப்படுவதில்லை. துரு ஏறக்கூடிய ஒரு போல்ட்டை நம்பிப் பாதுகாப்பு இராது என்பதற்காகவே, கூடுதல் விலையையும் தனி மின்வழங்கலையும் பொருட்படுத்தாமல் நான் ஐசோலேட்டரையே பரிந்துரைக்கிறேன். நுனி எர்த் ஆன தெர்மோகப்பிள்களுக்கு (வெப்பநிலை உணரிகள்) அது இன்னும் பொருத்தமானது.

ஆனால் ஐசோலேட்டரை மாட்டியதோடு பொறுப்பு முடிவதில்லை. அது வெளியிடக்கூடிய உச்ச மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் ஆகிய மூன்றையும் களக் கருவி தாங்குமா என்பதைச் சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அடுத்தது கேபிள். 28 வோல்ட் ஐசோலேட்டருக்கு ஹைட்ரஜன் அடங்கும் ஐஐசி வாயுத் தொகுதியில் அனுமதிக்கப்படும் மின்தேக்கம் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் திறன்) 83 நானோஃபாரட். கருவியின் சொந்த மின்தேக்கம் 5 நானோஃபாரட் என்றால் கேபிளுக்கு 78 மிஞ்சும். கேபிளின் தரவு கையில் இல்லாதபோது மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என்று கொள்வது வழக்கம். அதன்படி 390 மீட்டர் வரை செல்லலாம். கருவியின் மின்தேக்கம், மின்தூண்டம் (காந்தப்புலமாக ஆற்றலைச் சேமிக்கும் திறன்) இரண்டுமே அனுமதிக்கப்பட்ட அளவில் 1 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த அனுமதி அளவுகளைப் பாதியாக்க வேண்டும். அப்போது இதே கேபிளின் நீளம் 182 மீட்டராகச் சுருங்கிவிடும். இந்த விதியைப் பலர் கவனிப்பதே இல்லை.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஐசோலேட்டர்கள் இருக்கும் கேபினட்டின் உட்புறம். பொதுவாக 250 வோல்ட் வரை தாங்கும்படி ஐசோலேட்டரின் ஆபத்தில்லாத பகுதிப் பக்கம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சாதாரணச் சுற்றின் கம்பி ஒன்று கழன்று களத்துப் பக்க டெர்மினலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் ஐசோலேட்டரைச் சுற்றிக்கொண்டு நேரே ஆபத்தான பகுதிக்குள் போய்விடும். அதன் பிறகு ஐசோலேட்டரின் சான்றிதழுக்கு எந்தப் பொருளும் இல்லை. இருவகை டெர்மினல்களுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளியோ தகுந்த தடுப்போ வேண்டும் என்று ஐஈசி 60079-14 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வது இதனால்தான். இளநீல டெர்மினலும் இளநீலக் கேபிளும் அடையாளங்கள் மட்டுமே. இடைவெளியின் வேலையை நிறம் செய்யாது. வயர் டக்ட்டில் இடம் போதவில்லை என்று இருவகைக் கம்பிகளையும் ஒன்றாகத் திணிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது.

கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) பொதுவாக ஒரே முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். கேபிளுக்குள் பயன்படாத கோர்களை (உள் கம்பிகளை) தொங்கவிடாமல் டெர்மினலில் கட்டிவிட வேண்டும்.

பழுதான ஐசோலேட்டருக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் மாடலைப் பொருத்தும்போது மேற்சொன்ன கணக்கை மறுபடியும் போட வேண்டும். லூப்பை (களக் கருவியின் சுற்றை) மின்னோட்டத்துடனேயே சோதிக்கலாம் என்பது இம்முறையின் பெரிய வசதி. ஆனால் மல்டிமீட்டருக்குள்ளும் பேட்டரி இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதிக்கும் வாயுத் தொகுதிக்கும் சான்று பெற்ற மீட்டரை மட்டுமே அங்கே கொண்டுசெல்ல வேண்டும்.