காலம் கடந்த நோட்டும் கொடுக்க வேண்டிய காசும்

யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) கந்தோருக்கு வரும் பழைய புரோநோட்டுகளில், அதாவது கடனைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்ட சீட்டுகளில், பல வழக்குக்கு உதவாதவை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி வழக்குப் போடும் காலம் புரோநோட்டுக்கு 6 வருடம், எழுத்தில்லாக் கைமாற்றுக்கு 3 வருடம், கடைக் கொப்பிக் கணக்குக்கு ஒரேயொரு வருடம். அதற்குப் பிறகு வழக்குப் போட்டால், கடன்பட்டவர் காலம் கடந்துவிட்டது என்று மறுமொழி போட்டுத் தப்பிவிடலாம்.

போரால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சலுகை தந்தது. அது காணி, வீட்டுக்கு மட்டும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கொப்பியை விட்டுவிட்டு ஓடிய கடைக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை.

ஆனாலும் கொடுக்க வருகிறார்கள், பெரும்பாலும் அப்பாவின் கடனை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், பெற்றோர் பட்ட கடனுக்கு ஆண்பிள்ளைகள் வசதியில்லாவிட்டாலும் பொறுப்பு என்று சொல்லி, அதைக் கடுமையான வழக்கம் என்றும் குறித்தது. இன்றோ, செத்தவரின் சொத்துக்கு மேலே பிள்ளைகளிடம் கேட்க முடியாது.

சிக்கல் தொகையில்தான். 1985இல் வாங்கிய 10,000 ரூபாயை அப்படியே நீட்டினால் அது அவமரியாதை. சிலர் அன்றைய விலையில் எத்தனை பவுண் என்று பார்த்து இன்றைய விலைக்குக் கட்டுகிறார்கள். தொகை மலைக்க வைக்கும், பாதியிலேயே பேச்சு முறியும். காசாக வாங்கியதற்கு வங்கி நிலையான வைப்பு வட்டியைச் சேர்ப்பதே இரு பக்கமும் தாங்கக்கூடியது. அடகு வைக்க இரவல் வாங்கிய நகை வேறு: அதே நிறை, அதே கரட், பவுணுக்கு 8 கிராம் கணக்கில் பொன்னாகவே கொடுக்க வேண்டும்.

கடன் கொடுத்தவர் இறந்திருந்தால் மூத்த பிள்ளையின் கையில் முழுவதையும் வைப்பதுதான் வழக்கமான பிழை. கனடாவில் இருக்கும் தங்கச்சி பிறகு கேட்பார். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் ஒருவரை நியமித்துக் கடிதம் அனுப்பலாம். பற்றுச்சீட்டில் பழைய தொகை, திகதி, இப்போது கொடுப்பது, "முழுத் தீர்வு" என்ற சொற்கள், அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கட்டும். மூல நோட்டை வாங்கிக் குறுக்கே கோடிட்டு ஒப்பமிட வைக்க வேண்டும். தொலைந்திருந்தால், கண்டெடுத்தாலும் செல்லாது என்று பற்றுச்சீட்டிலேயே எழுத வேண்டும்.

தவணையாகக் கொடுப்பவர் கவனிக்க: வாய்ச்சொல் பழைய கடனுக்கு உயிர் கொடுக்காது, "இவ்வளவு தரவேண்டியுள்ளது" என்று கையெழுத்திட்டால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கலாம். மனமறிந்து கொடுத்துவிட்டு, காலம் கடந்த கடன் என்று திருப்பிக் கேட்கவும் முடியாது.

"போன கதை, விடு தம்பி" என்று சிலர் வாங்க மறுப்பார்கள். உடனே கோயிலுக்கு அன்னதானம் கொடுத்துக் கணக்கை முடிப்போர் உண்டு. அவர் கேட்காமல் செய்தால் அது உங்கள் தர்மம். அவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அப்படியே நிற்கும்.