பாஸ்புக் இல்லாத பேங்க்

போன வாரம் எங்கள் காரைக்குடி வீட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. அப்பத்தாவுக்கு 30 வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் ஆய்வுக்கு ரத்த மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் வெளிநாட்டு பயோபேங்கில் உறையவைத்துப் பத்திரமாக வைப்பார்களாம்.

முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஆங்கிலப் படிவத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். 'எதிர்கால ஆய்வுகளுக்கும்' என்ற வரி வந்ததும் கை நின்றது.

"பேங்க்குங்கிறீக, பாஸ்புக் உண்டா? எங்க அப்பச்சி பர்மாவுக்கு ஏவாரத்துக்கு, கொண்டுவிக்கப் போனப்பக்கூட கடுதாசி வந்துச்சு. என் ரத்தம் போனா வருமா?"

வந்த தம்பி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் 1990-லிருந்து சர்க்கரை நோய்க்கென்று ரத்தம் வாங்கி, மனச்சிதைவு, மூதாதையர் இடப்பெயர்வு என்று வேறு ஆய்வுகளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டு, 2010-ல்தான் அந்த ரத்தத்தை வாங்கிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

அதற்காகக் கொடுக்கவே கூடாது என்பேனா? மாட்டேன். பிரிட்டனின் யுகே பயோபேங்கில் 5 லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் வெள்ளையர். நம் உடம்புக்கான மருந்தை யார் ரத்தத்தில் தேடுவது? அதிலும் ஒன்பது கோயிலுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் எங்கள் நகரத்தார் சனம் மரபணுக்காரர்களுக்குக் கரும்பு. அப்பத்தா கொடுப்பது அவர் ரத்தம் மட்டுமா, எங்கள் எல்லோர் கணக்கும்தான்.

கொடுத்தபின் வேண்டாம் என்றால் மாதிரியை அழிப்பீர்களா, யார் யாருக்குக் கொடுப்பீர்கள், தமிழில் எழுதித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். படிவம் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.