கேடோ குப்பி: சுட்ட மண்ணில் கோடு பிடிபட்டது

பாதிக் குப்பியில்தான் கோடு கீறி முடிந்திருக்கிறது. அதற்குள் எழுத வந்துவிட்டேன், ஏனென்றால் கோடு பிடிபட்டுவிட்டது! கேடோ என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளின் முறையில், மண்ணைத் திரி திரியாக உருட்டி அடுக்கி ஏற்றிய நீள்கழுத்துக் குப்பி, திறந்த தீயில் வெந்து, கறுத்து, மினுக்கம் குறையாமல் முழுசாக வெளியே வந்தது. அந்தக் கறுப்பின் மேல் இழுத்த சுருள் கோடு எங்கேயும் பொரிந்து போகாமல் ஓடுகிறது.

மண் கிழக்கு டெக்சஸ் ஓடைக்கரையில் நண்பரின் நிலத்தில் எடுத்தது. கடையில் விற்கும் மண்ணில் வாங்கிப் பார்த்ததெல்லாம் மின்சூளைக்கு ஏற்றவை. விறகுத் தீயின் திடீர்ச் சூட்டைத் தாங்குவதில்லை. அதனால் உடைந்த பானையோட்டை இடித்துச் சலித்த பொடியை ஓடைமண்ணில் கலந்தேன். கேடோ பெண்கள் ஓட்டுப்பொடியோடு எலும்புப் பொடியும் சேர்த்திருக்கிறார்கள்; பிற்காலத்தில் ரெட் ரிவர் ஆற்றுப் பக்கம் சிப்பித்தூளும் வந்தது. தேய்த்து மெருகேற்றக் கூழாங்கல், கறுப்பேற்றும் புகைமூட்டத்துக்குக் காய்ந்த சருகு.

விஷயம் கீறலில் இருக்கிறது. ஈர மண்ணில் கோடு போட்டால் இருபக்கமும் கரை எழும்பும், மினுக்கமும் போய்விடும். கேடோக்களின் மெல்லிய வேலைப்பாடுகள் மண் நன்றாகக் காய்ந்த பிறகோ சுட்ட பிறகோ கீறியவை. கிழக்கு டெக்சஸில் ஆல்டோ ஊருக்குப் பக்கத்தில் கேடோக்கள் எழுப்பிய மண்மேடுகளில் கிடைத்த ஹாலி ஃபைன் என்ற பானை வகையைப் பாருங்கள்: நெருக்கி நெருக்கி இழைத்த கோடுகள், நடுவே சுரண்டி எடுத்த முக்கோணங்கள். மினுக்கம் கோட்டின் விளிம்புவரை அப்படியே நிற்கும்.

இரும்பு ஊசி இதற்கு ஆகாது. மெருகேறிய பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். அழுத்தினால் விளிம்பு செதிலாகப் பெயர்ந்துவிடும். செர்ட் என்ற கெட்டியான கல்லைத் தட்டி எடுத்த சில்லில்தான் வழி கிடைத்தது. அதன் முனை கிழிக்காது, அராவும். முதல் இழுப்பில் கோடு தெரியக்கூட வேண்டாம், சில்லுக்கு ஒரு தடம் விழுந்தால் போதும். அடுத்தடுத்து அதே தடத்தில் லேசாக இழுக்க, கறுப்புத் தோல் விலகி உள்ளிருக்கும் பழுப்பு மண் மயிரிழையாக எட்டிப் பார்க்கும். வளைவில் கை திரும்பக் கூடாது. கை மடிமேல் அசையாமல் இருக்க, குப்பியைத்தான் திருப்ப வேண்டும். தூள் தடத்தில் தங்கினால் சில்லு துள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஊதிவிடுங்கள். வயிற்றுச் சுற்றளவை நூலால் நான்காக மடித்துக் குறித்துக்கொண்டால், கடைசிச் சுருள் முதல் சுருளோடு இடிக்காமல் சேரும்.

இந்தக் கலை ஒரு கட்டத்தில் அற்றே போயிருந்தது. உலோகப் பாத்திரம் வந்தது, நிலம் போனது, 1859-இல் கேடோக்கள் டெக்சஸிலிருந்தே துரத்தப்பட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போனார்கள். 1991-இல் ஒக்லஹோமாவின் ஐடபெல் நகரத்து அருங்காட்சியகத்தில் முன்னோர் செய்த பானைகளைப் பார்த்த ஜெரி ரெட்கார்ன் என்ற கேடோ பெண்மணி, தானாகவே முயன்று இதை மீட்டெடுத்தார். ஒபாமா காலத்தில் அவருடைய பானை வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்திலேயே இருந்தது. சொல்லித்தர ஆளில்லாமல் அந்தக் கோட்டை அவர் கண்டுபிடித்ததை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகங்களில் நாம் வியக்கும் கேடோ குப்பிகளில் பல, புதைகுழிகளிலிருந்து தோண்டி எடுத்தவை. இறந்தவரோடு வைத்ததை நகலெடுக்க எனக்கு மனம் வராது. முறையை மட்டும் கற்கிறேன்; சுருளமைப்பு நான் வரைந்தது. விற்கப் போவதுமில்லை. பூர்வகுடிகள் செய்தது என்று சொல்லி மற்றவர் விற்பதை அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, நியாயமாகத்தான்.

அடுத்து ஒரு சமையல் பானை செய்ய ஆசை. அன்றாடம் சோளமும் பீன்ஸும் வெந்த பானைகளுக்கு இந்த மெருகெல்லாம் கிடையாது. ஈரத்திலேயே புல்கட்டால் வரிவரியாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி விடுவார்கள். அதற்கேற்ற தடித்த புல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) இப்போது தீ மூட்டத் தடை இருப்பதால் சுடும் வேலை மழைக்குப் பிறகுதான்.

குப்பியின் மறுபாதி கீறி முடிந்ததும் கோடுகளுக்குள் செங்காவி தேய்க்க வேண்டும். கேடோக்கள் சிவப்பும் தேய்த்திருக்கிறார்கள், வெள்ளைக் களிமண்ணும் தேய்த்திருக்கிறார்கள். துண்டு ஓட்டில் சோதித்ததில், தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து விரலால் குறுக்கே தேய்த்தால் காவி கோட்டில் நன்றாக இறங்குகிறது. எண்ணெயில் குழைத்தது மெருகின் மேலும் படிந்து மங்கலாக்கிவிட்டது. அதனால் தண்ணீர்தான்.