சுண்டெலிக்கு 30 டிகிரி: ஒப்புதல் வாங்கப் பட்ட பாடு

ஆய்வுக்கான சுண்டெலிகளை 22 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் வைத்து ஒப்பிட அனுமதி கேட்டு, விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிய திருத்த விண்ணப்பம் ஒரே வரியோடு திரும்பி வந்தது: வெப்பநிலை வரம்பை மீறுகிறது. எந்த வரம்பு, என்ன தாள் வேண்டும், ஒன்றும் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. ஆய்வு விலங்குப் பராமரிப்புக்கென 2011-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி நூல் சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி என்கிறது. அதைத் தாண்டினால் அறிவியல் காரணம் எழுத வேண்டும். எங்கள் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. தனி இணைப்பாக வையுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

காரணம் வலுவானது. வெளியே சிங்கப்பூர் வெயில் சுண்டெலிக்கு ஏறக்குறைய இதமாக இருக்க, ஏர்கான் அறையில் 22-ல் அது குளிரில்தான் வாழ்கிறது. உடம்பைச் சூடாக்கவென்றே சக்தி செலவழிக்காமல் இருக்க அதற்கு 29 முதல் 31 டிகிரி வேண்டும். கீழே இறங்கினால் உடம்புக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு ஓயாமல் எரியும், தீனி கூடும், இதயம் வேகமாகத் துடிக்கும். அந்தக் கொழுப்பில் சூட்டை உண்டாக்கும் யுசிபி1 புரதம் இல்லாத எலிகள் பருப்பது இதமான வெப்பநிலையில்தான் தெரிந்தது என்ற 2009-ஆம் ஆண்டு ஆய்வைச் சேர்த்தோம். அதன் பிறகு கேள்வி வரவில்லை.

கூண்டுகளை வைத்துச் சூடாக்கும் கேபினெட் வாங்குவது சுலபம். அதன் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறிய லாகரைக் கூண்டுக்குள், எலி படுக்கும் பெடிங் மட்டத்தில் வையுங்கள். எச்சரிக்கை மணி 32-ல் அடிக்கட்டும். 33-ல் ஹீட்டர் தானே அணைய வேண்டும். வார இறுதியில் அழைப்பை எடுப்பவர் யார் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஒரேயடியாக 30-க்கு ஏற்றாமல் 26, 28 என்று படிப்படியாகப் போங்கள். அளவீட்டுக்கு முன் ஒரு வாரமாவது பழக விடுங்கள். சூட்டில் அமோனியா சீக்கிரம் ஏறும், பெடிங்கை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் தீனி அளக்கும் நாளுக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள், எலி கலைந்துபோய் எண்கள் கெடும்.

கூடு கட்டும் பொருள் 22, 30 என்ற இரு குழுவுக்கும் ஒரே எடை, கூண்டுக்கு ஒரே எண்ணிக்கை எலிகள். 22-ல் கிடக்கும் எலி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தும் கூட்டுக்குள் புதைந்தும் குளிரைத் தணித்துக்கொள்ளும். ஒரு குழுவில் மட்டும் இது குறைந்தால் நீங்கள் அளப்பது வெப்பநிலையை மட்டுமல்ல.

தீனிதான் பெரிய தலைவலி. 22-ல் நாளுக்கு 4 கிராம் தின்ற எலி 30-ல் 2.5 கிராம் அளவுக்கு இறங்கும். அப்போது கூண்டின் அடியில் கொறித்துச் சிந்திய அரை கிராம் தூளே முடிவைப் புரட்டிவிடும். சல்லடையில் சலித்து அதையும் நிறுங்கள். மருந்தைத் தீனியில் கலந்து கொடுப்பவர்கள் கலவையைத் திரும்பக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் 30-ல் இருக்கும் எலிக்கு மருந்தும் அதே அளவுக்குக் குறைந்துபோகும்.