மைனருக்கு ஈரமில்லாத ஒரு கராஜ்

மொறிஸ் மைனர் காரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் பாகம்) பொனற்றைத் திறந்தால் கண்ணில் படாது. சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சஸிக்குள் இருக்கிறது. மேலிருந்து தகட்டைக் கழற்றினாலும், போல்ற்றை உருவ விடாமல், முன்சில்லுக்கு ஸ்பிறிங்காக இருக்கும் ரோர்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். நிலத்தில் படுத்துத்தான் வேலை செய்யவேண்டும். ஜனவரி மாதம், கனடாவின் மார்க்கம் நகரில், சூடு இல்லாத கராஜின் சீமெந்துத் தரையில் காட்போட் மட்டை விரித்துப் படுத்தேன். பத்து நிமிடத்தில் விரல்கள் விறைத்து ஸ்பனர் நழுவியது. கராஜைச் சூடாக்காமல் இந்த வேலை முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கார் 1967ஆம் ஆண்டுடையது, 1098 சிசி எஞ்சின். 15 வயதைத் தாண்டிய கார் என்பதால் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு இறக்குவதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடியது இதே மொடலில்தான். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை வந்தபோது, துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே அதை ஓட்டினார். அந்தப் புகை மணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

முதல் வின்ரரில் நான் வாங்கியதும் மண்ணெண்ணெய் ஹீற்றர்தான். பீரங்கிக் குழாய் மாதிரி நீளமாக, முன்பக்கத்தால் அனல் கக்கும் வகை. கால் மணித்தியாலத்தில் ஜக்கெற்றைக் கழற்றலாம் போலிருந்தது. இடது மட்காட்டைத் தகரம் தெரியும்வரை உரஞ்சி முடித்து, ஹீற்றரை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனேன். விடிய வந்து பார்த்தால் மட்காட் முழுக்க மஞ்சள் தூள் பூசினதுபோல் கறள்.

காரணம் விளங்கச் சில நாள் எடுத்தது. மண்ணெண்ணெய் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு லீற்றர் எரித்தால் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. புறோப்பேன் இன்னும் மோசம். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். கராஜின் காற்று சுறுக்கெனச் சூடாகும். ஆனால் காரின் தகரம் மணித்தியாலக் கணக்கில் குளிர்ந்தே கிடக்கும். அந்த ஆவி முழுவதும் தகரத்தில் போய் வியர்வையாகப் பிடிக்கிறது. நான் காரைச் சூடாக்கவில்லை, நனைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பயங்கரம் வேறு இருந்தது. பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவும். சுமார் மைனஸ் 40 பாகைக் குளிரிலும் அது தீப்பற்றும். திறந்த சுவாலையை நான் அதே தரையில்தான் வைத்திருந்தேன். எங்கள் கராஜின் மேல்தான் மகளின் படுக்கையறை. காபன் மொனொக்சைட் மேலே கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் என்னால் அமைதியாக யோசிக்க முடியவில்லை. தயவுசெய்து புகைபோக்கி இல்லாத எந்த ஹீற்றரையும் மூடிய கராஜுக்குள் எரிக்காதீர்கள். படுக்கையறைக்கு அருகில் காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில், எலக்ரீசியனாக இருக்கும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். ஹீற்றர் பற்றிக் கேட்டதும் அவர் கராஜ் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“அண்ணை, ஹீற்றரைப் பிறகு பாப்பம். முதல்ல இந்தக் கதவைப் பாருங்கோ. இது வெறும் தகடு. இதுக்குள்ள என்னத்தைப் பூட்டினாலும் றோட்டைத்தான் சூடாக்குவியள்.”

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி (கார் அப்போது வெளியே நின்றது) கதவோரங்களில் பிடித்தோம். கீழ் றப்பர் இறுகி வெடித்த இடமெல்லாம் புகை உள்ளே வளைந்தது. மொத்தச் செலவில் பெரும்பகுதி இதற்கே போயிற்று: பொலியுறேதேன் அடைத்த புதுக் கதவு, சுற்றிவர றப்பர், வெளிச்சுவர் இரண்டுக்கும் குளிரைத் தடுக்கும் ஆர்-14 பஞ்சு, உட்பக்கம் பொலித்தீன் தாள், அதன் மேல் ட்றைவோல். வீட்டோடு ஒட்டிய சுவரில் குழாய் போகும் ஓட்டைகளையும் அடைத்தோம். அது குளிருக்காக அல்ல, புகையும் ஆவியும் வீட்டுக்குள் போகாமலிருக்க. வீட்டுக்குள் போகும் கதவு தானாக மூடவேண்டும் என்பது கட்டடச் சட்டம். எங்களுடையதில் ஸ்பிறிங் எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. அதையும் பூட்டினோம்.

இவ்வளவும் முடிந்தபின் ஹீற்றர் தெரிவு சுலபமாயிற்று. வெளியிலிருந்தே காற்றை இழுத்து வெளியிலேயே புகையை விடும் காஸ் ஹீற்றர் நல்லதுதான். ஆனால் காஸ் குழாயை, முடித்த பேஸ்மன்றை உடைத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. ஆகவே 5000 வாற்ஸ் மின்சார ஹீற்றர், 240 வோல்ற். ஏறக்குறைய 21 அம்பியர் இழுக்கும். அதற்கு 30 அம்பியர் பிறேக்கரும் 10 கேஜ் வயரும். எங்கள் வீட்டுப் பனல் 100 அம்பியர்தான். அடுப்பு, ட்றையர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நண்பர் சம்மதித்தார். ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு முறைப்படி அறிவித்து, வேலையைப் பரிசோதிக்கச் செய்தோம். ஹீற்றர் கூரையோரம் தொங்குகிறது, தரைப்பக்கமே இல்லை.

வின்ரர் முழுக்க 8 பாகையில் விட்டுவைக்கிறேன். வேலை செய்வது சனிக்கிழமைகளில். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு மலிவு மின்கட்டணம் தொடங்கும்போது 18க்கு ஏற்றிவிடுவேன். விடிய 7 மணிக்குள் காற்று மட்டுமல்ல, எஞ்சின் புளொக், தரை, கருவிப்பெட்டி எல்லாமே குளிர் விட்டிருக்கும். பிறைமர் அடிக்கும் நாட்களில் அகச்சிவப்பு வெப்பமானியை நேரே மட்காட்டில் பிடித்துத் தகரத்தின் வெப்பத்தைப் பார்ப்பேன். சுவரில் தொங்கும் வெப்பமானி 18 என்று காட்டும் நேரத்தில் தகரம் 11இல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். நான் பாவிக்கும் பிறைமருக்கு 15க்கு மேல் வேண்டும்.

எங்கள் வானை அந்த வின்ரரிலிருந்து வெளியில்தான் நிறுத்துகிறோம். அது உள்ளே வந்தால் சில்லுகளில் ஒட்டிய ஸ்னோவும் உப்பும் உருகித் தரையில் ஓடும். சூடு, உப்பு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் பழைய தகரம் தப்பாது. காலையில் வானின் ஸ்னோவைத் தட்டுவது மனைவியின் தலையில் விழுந்தது. அவர் ஒருநாளும் முறையிடவில்லை. இந்தக் காரில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

இந்த ஜனவரியில் மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டி முடித்தேன். வெளியே மைனஸ் 17. மகள் சீற்றிலிருந்து பெடலை மிதிக்க, நான் தரையில் றப்பர் பாய் மேல் படுத்துக்கொண்டு சில்லுச் சில்லாகப் பிறேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். நான்காவது சில்லோடு பெடல் கல்லுப்போல நின்றது.

அப்பாவுக்கு 84 வயது. குளிரென்றால் வாசல்வரைகூட வரமாட்டார். அன்று ஸ்வெற்றரோடு வந்து கதிரையில் இருந்தார். சாவியைத் திருப்பினேன். பெற்றோலை இழுக்கும் எஸ்யு மின்பம்ப் டக், டக், டக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் இன்னும் இரண்டு தரம் அடித்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பம்பின்ர பொயின்ற் கிளீன் பண்ணினனியோ?”

இல்லை என்றேன். கதிரையை இழுத்துக்கொண்டு பம்புக்குக் கிட்ட வந்தார்.