ஜீரோ பட்டனுக்கு முன் எர்த்தைப் பாருங்கள்

பொள்ளாச்சியில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. வீட்டிலேயே சோப்பு போட்டு விற்கும் எனக்குப் பயமெல்லாம் காஸ்டிக் சோடாவின் மேல்தான். அரைக் கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 91.5 கிராம் காஸ்டிக் வேண்டும். நான் 5% குறைத்து 87 கிராம்தான் போடுவேன். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சினால் தோலுக்கு இதம். தராசு ஐந்து கிராம் பொய் சொன்னால் அந்த மிச்சம் போச்சு, சோப்பு தோலைக் கடிக்கும்.

என்னிடம் இருப்பது மளிகைக் கடை எடை மெஷின். எவர்சில்வர் தட்டு, 10 கிலோ வரை ஒவ்வொரு கிராமாகக் காட்டும், உள்ளே 6 வோல்ட் பேட்டரி, பின்னால் மூணு பின் வயர். வேலையைப் பின்கட்டுக்கு மாற்றியதிலிருந்து எண் நிற்கவே இல்லை. வெறும் தட்டிலேயே 0, 2, கழித்தல் 1, 4 என்று ஆடியது. தட்டைத் தொட்டால் இன்னும் மோசம். வெறுங்காலோடு நின்று விரலின் முதுகால் தட்டைத் தடவினால் லேசாகச் சுரசுரவென்று இழுத்தது. விற்ற கடைக்காரர் போனில், "ஜீரோ அமுக்குங்கம்மா, சரியாயிடும்" என்றார். ஜீரோ என்பது அந்த நொடியில் இருக்கும் எண்ணைச் சுழியாக வைத்துக்கொள்ளும் வேலை, அவ்வளவுதான். ஆடுகிற எண்ணை அது எப்படி நிறுத்தும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். எண் அப்படியே நின்றது. இந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பேட்டரியிலும் ஆடினால் காற்று, சாய்ந்த மேஜை, தட்டுக்கடியில் சிக்கிய துகள், லோட் செல் (தட்டுக்கடியில் எடையை உணரும் பாகம்) என்று தேட வேண்டும். கரண்டில் மட்டும் ஆடினால் சந்தேகம் பிளக் பக்கம்.

வந்த எலக்ட்ரீஷியன் தம்பி சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "எர்த் ஓட்டை மட்டும்தானுங்க அக்கா இருக்குது, பின்னாடி வயரே வரலைங்க." மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 காட்டியது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். வயர் இல்லாத எர்த்திலும் இந்த மீட்டர்கள் அறுபது, எழுபது என்று ஏதோ ஒரு பேய் வோல்டேஜைக் காட்டும், அதை நம்பக் கூடாது என்று பழைய குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்த்தார். எரியவில்லை. (ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், போட்ட வீட்டில் எர்த் சரியாக இருந்தால் இந்தச் சோதனையில் அது டிரிப் ஆகும். விழுந்தால் நல்ல செய்திதான். ஆனால் இதைச் செய்ய வேண்டியது எலக்ட்ரீஷியன், நாம் அல்ல.)

அந்தச் சுரசுரப்பு எங்கிருந்து வருகிறது என்றும் அவரிடம் கேட்டேன். மின்சார இரைச்சலை வடிகட்ட சார்ஜர் பகுதியில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்களாம். எர்த் இல்லையென்றால் இரும்புச் சட்டம் நடுவில் தொங்கி, 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் தராசுக்கு அதுவே அதிகம். லோட் செல் என்பது எடைக்கு நூலளவு வளையும் அலுமினியக் கட்டை. அதில் ஒட்டிய மெல்லிய தகடுகள் அந்த வளைவை மின்னழுத்தமாக்குகின்றன. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்குத் திரும்ப வருவது 10 மில்லிவோல்ட் அளவுதான். அப்படியானால் 10 கிலோ மெஷினில் ஒரு கிராம் என்பது ஒரு மைக்ரோவோல்ட். பக்கத்தில் நூறு வோல்ட் சட்டம் மிதந்தால் அது எப்படி நிதானமாக நிற்கும்?

எர்த் வயரை மெயின் போர்டிலிருந்து புதிதாக இழுத்தோம். சிலர் வேலை மிச்சம் என்று பிளக் பாயிண்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால், மெஷின் ஆனில் இருக்கும்போது பேஸ் நேராகத் தட்டுக்கு வந்துவிடும். வெளியே எர்த் குழி காய்ந்து கிடந்தது, அதிலும் தண்ணீர் ஊற்றினோம். கோடையில் அவ்வப்போது ஊற்ற வேண்டுமாம்.

இப்போது ஜீரோவுக்கு வருகிறேன், ஏனென்றால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷினை ஆன் செய்து பத்து நிமிடம் விட்டு, மின்விசிறியை நிறுத்தி, ரசமட்டக் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெறும் தட்டில் ஜீரோ. பாத்திரம் வைத்தபின் டேர், அதாவது பாத்திரத்தின் எடையைக் கழித்துவிடும் பட்டன். இரண்டும் வேறு வேறு: ஜீரோ பட்டன் மெஷினின் கொள்ளளவில் சில சதவீதத்துக்குள் வரும் நகர்வை மட்டுமே சரிசெய்யும், கனமான பாத்திரத்துக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அப்புறம், இந்த மெஷின்கள் சுழிக்கு அருகே வரும் சின்ன நகர்வுகளைத் தாமாகவே ஜீரோ ஆக்கிக்கொள்ளும். டேர் போட்ட கிண்ணத்தில் காஸ்டிக்கைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ ஆரம்பித்தால், அதையும் நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும் மெஷின்கள் உண்டு. திரையில் 87 வரும்போது கிண்ணத்தில் 90 இருக்கலாம். அதனால் முதலில் ஒரு கரண்டி நிறையப் போட்டுவிட்டு, கடைசிப் பத்து கிராமை மட்டும் நிதானமாகச் சேர்க்கிறேன். சந்தேகம் வந்தால் கிண்ணத்தைத் தூக்கி, டேரை நீக்கி வெறும் தட்டில் ஜீரோ ஆக்கி, திரும்ப வைத்து, மொத்த எடையிலிருந்து வெறும் கிண்ணத்தின் எடையைக் கழித்துப் பார்ப்பேன்.